நசுங்கிய பம்பளிமாஸ்

துயெத்,

கியெம் அண்ணனின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கைப்பயிற்சிக்கு. அலமாரிச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

நேற்று நீ சோறு ஊட்டி வாய் துடைத்துவிட்டபோது நன்றி என்று சொன்னது தப்புதான். "நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? கட்டினவளுக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா?" என்று கிண்ணத்தை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாய். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. உன்னிடமும் வந்துவிட்டது.

நன்றியை வாயால் சொல்லத்தானே கூடாது என்று, நீ கடையிலிருந்து வருவதற்குள் பம்பளிமாஸ் உரித்துவைக்கப் பார்த்தேன். வலது கை இன்னும் மரக்கட்டைதான். பழத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உரித்தேன். தோல் போவதற்குள் பாதிப் பழம் போய்விட்டது. மிச்சத்தை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாய், சிரி.

தரையெல்லாம் சாறு. துடைக்காதே, நான் வந்து துடைக்கிறேன்.

மறந்துவிட்டேன்: தொட்டுக்கொள்ள மிளகாய் உப்பு பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கென்று எடுத்து வைக்காமல் முழுவதையும் நீயே சாப்பிடு.

எடுத்துத்தான் வைப்பாய். உன்னை நான் என்னதான் செய்வது?