ஒரு வருஷம்தான் என்றாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ வேலை பார்க்கும் அந்த வெளிநாட்டு வீட்டில் உனக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதிலும் பாப்பா என் தோளை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

என் முதுகு பரவாயில்லை. ஆனால் இனி பஸ் ஓட்டவே கூடாது என்று டாக்டர் திரும்பவும் சொல்லிவிட்டார். குளியலறைக் குழாயை நானே சரிசெய்தேன். இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் அவள் வேலைக்கு மனுப் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. புதன்கிழமை ஒரு நாள் வந்து வேலை செய்து பார்க்கச் சொன்னார்கள் என்றபோதுதான் வாயைத் திறந்தாள். சொறி பிடித்த நாயைத் தூக்கிவந்து உன் நல்ல துண்டில் படுக்கவைத்தவள் இவள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போய்விட்டு வந்தாள். வெட்டும் இடம் இல்லையாம், தட்டில் அடைத்து எடைச் சீட்டு ஒட்டும் இடமாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே குளிர் அறையில் நின்றதில் விரல்கள் மடங்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ரொம்பக் கஷ்டமா என்று கேட்டேன்.

"காலையில கஷ்டமா இருந்துச்சுப்பா. மத்தியானம் ஆனதும் லேபிள் கோணாம ஒட்டினா போதும்னு ஆயிடுச்சு. அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

ஆறிப்போன வெந்நீரை மாற்றிக் கொடுத்தேன்.

பயமாக இருக்கிறது என்றவள் வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். கல்லூரியில் கேட்டாளாம், இடத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்துத் தருவார்களாம். "ஒரு வருஷம்தான்ப்பா. என் சம்பளம் வரும். அம்மா இந்தத் தடவை அங்க ஒப்பந்தத்த நீட்டிக் கையெழுத்துப் போட வேணாம்னு எழுதுங்க" என்றாள். நீயும் ஒரு வருஷம் என்றுதான் போனாய். இது ஆறாவது.  அவளிடம் உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணி காயவே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ இன்னும் இரண்டு வருஷம் யார் வீட்டுக் குழந்தைகளையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பாய். சொல்லாவிட்டால் இவள் அந்தக் குளிரில் நிற்பாள். எதைச் சொல்ல?

நேற்று டிப்போவுக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். கேட் பக்கம் உட்கார்ந்து வண்டி எண் எழுத ஆள் வேண்டுமாம். இருபது வருஷம் அந்த கேட்டை ஹாரன் அடித்துத் திறக்கவைத்தவன் நான். சரி என்று சொல்லிவிட்டேன். பாப்பாவிடம் சொன்னதும், "நீங்களும் போங்க, நானும் போறேன்" என்று டிபன் பாக்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள். நீ போனில் சொன்னாலும் கேட்க மாட்டாள். வாசலில் வந்து நின்று சொன்னால் கேட்பாள் என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. கல்லூரி திறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா