பிக்கிள் பறந்த சனிக்கிழமை

வாய் ஓயாத என் வதனி அக்காவுக்கு,

பிக்கிள் பறந்துவிட்டாள்! போன சனிக்கிழமை காலை, அம்மா, அப்பா, மொன்றியல் அன்ரி, நான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பறந்தேவிட்டாள். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வீட்டில் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். தேவாரம் தயார், உன் படமும் தயார். உன்னைப் பற்றி எழுத வேண்டிய பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "நீதானே எந்த நேரமும் புத்தகமும் கையுமாத் திரியிறனி, நாலு வரி எழுதித் தாவன்" என்று அம்மா கேட்டார். நாலு வரிக்குள் நீ அடங்குவாயா? அதுதான் கடிதமாக எழுதுகிறேன். ஊரே வாசிக்கும் என்று தெரியும். மனதில் உள்ளதை யாருக்கும் காட்டாதவள் என்று என்னைப் பகிடி பண்ணுவாயே, இப்போது பார்.

உன்னைத் தெரியாத ஆட்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பொறு.

என் அக்கா நடிகை. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் பிள்ளைகளாக வந்து டோர்செட் பார்க் மாடிவீடு ஒன்றில் ஒரே அறையில் வளர்ந்தோம். நான் வாய்க்குள் வாசிப்பவள். அவள் ஷாம்பு போத்தலில் இருப்பதைக்கூட உரக்க, அழுது அழுது வாசிப்பவள். ஹைஸ்கூல் நாடகத்தில் தொடங்கினாள், பிறகு கல்லூரியில் நடிப்புப் படித்தாள், பிறகு கனடிய ரீவியில் முகம் காட்டத் தொடங்கினாள். ஸ்ட்ரெச்சர் தள்ளும் தாதி. டாக்சிக்காரனின் மனைவி. விமான நிலையத்தில் அழும் அகதி. உண்மையாகவே அகதியாக வந்தவளைப் பார்த்து அந்த இயக்குநர், "இன்னும் கொஞ்சம் அகதி மாதிரி இருக்க முடியுமா?" என்று கேட்டாராம். அன்று நீ வீட்டுக்கு வந்து அந்த "இன்னும் கொஞ்சம் அகதி"யை நடித்துக் காட்டியபோது, சிரித்துச் சிரித்து அம்மா பருப்பை அடிப்பிடிக்க விட்டார். நினைவிருக்கிறதா?

அதைவிட அதிகமாக நீ செய்தது சாவதுதான். பொலிஸ் தொடர், ஆஸ்பத்திரித் தொடர் எல்லாவற்றிலும் செத்தாய். ஒவ்வொரு முறையும் அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்வார். "உந்தச் சாகிற வேலையை விட்டிட்டு வேற வேலை கேளடி" என்று கெஞ்சுவார். "சாகிறதுக்குத்தான் அம்மா ஆட்கள் தேவையாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாச் சரி, சாப்பாடும் தருவாங்கள்" என்பாய்.

மொன்றியல் அன்ரி, அதாவது எங்கள் சின்னம்மா, ஆங்கிலம் விளங்காமல் ஒரு தொடரின் பாதியைப் பார்த்துவிட்டு, சவப்பெட்டிக்குள் உன்னைக் கண்டு பதறி எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்ததையும் இந்த மலரில் போட வேண்டும். போனை எடுத்தது நீதான். "ஐயோ, எங்கடை வதனிக்கு என்ன நடந்தது?" என்று அன்ரி குழற, நீ வெகு பவ்வியமாக, "ஓம் அன்ரி, செத்தவள்தான் கதைக்கிறன். சொல்லுங்கோ" என்றாய்.

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து அதே அன்ரிக்கு நான் போன் எடுத்தேன். அவர் சிரித்தார், அக்கா. "இது எந்தப் படத்திலை?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் நடிக்கிறாள் என்பது அவருக்கு வாயில் வராது. கேட்பவர்களிடம், "மூத்தவள் டவுன்ரவுனிலை ஒரு ஒஃபிஸிலை வேலை" என்பார். ஆனால் எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தானே இந்த நாட்டில் எங்கள் கடைசிப் பெயர்? நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கணபதிப்பிள்ளை என்ற பெயர் திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நீட்டி நிமிர்ந்து போகும். உன் ஏஜென்ட் பெயரைச் சுருக்கச் சொன்னபோது நீ மறுத்தாய். "அப்பா ஒளிக்க ஒளிக்க, நான் அவரை ரீவியிலை ஓட விடுறன்" என்றாய்.

பிறகுதான் குரல் வேலை வந்தது. கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கிற இடம். அங்கே யாரும் உன்னை அகதியாகக் கேட்கவில்லை. ஒருநாள் ஸ்கொட்லாந்துக் கிழவி, மறுநாள் கோபக்கார ரோஸ்டர், பாண் வாட்டும் மெஷின். முகம் கழுவாமல் வேலைக்குப் போகலாம் என்று துள்ளினாய். அங்கேதான் பிக்கிள் கிடைத்தாள். பறக்கப் பயந்து, குளிர்காலத்துக்குத் தெற்கே போகாமல், பஸ்ஸில் திரியும் காட்டு வாத்து. பிக்கிள் என்றால் ஊறுகாய் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு அவள் "ஊறுகாய் வாத்து". எங்கள் மாடிக்கட்டட லிஃப்ட்டில் பிள்ளைகள் பிக்கிளைப் போலவே விழுந்து விழுந்து கத்துவார்கள், பக்கத்தில் நிற்பது யாரென்று தெரியாமல். நீயும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாய். வாய் ஓயாதவள் வாயை மூடிக்கொண்டு நின்றது அங்கே மட்டும்தான்.

இனிமேல்தான் செய்தி.

உங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கத்தலையும் விழுதலையும் கடைசியில்தான் பதிவார்கள். தொடக்கத்திலேயே கத்தினால் தொண்டை கெட்டுவிடும், மற்ற வசனங்களுக்குக் குரல் இராது. அந்த முறையால்தான் எல்லாம் வந்தது. பிக்கிளின் கடைசிக் கதைக்கு நீ நிற்க ஏலாமல் கதிரையில் இருந்தபடி, சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் நடுவில், வசனம் முழுவதையும் பேசி முடித்துவிட்டாய். கத்தலை மட்டும் சுகமானதும் வந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

பனி கொட்டிய ஒருநாள் வீட்டில் போன் அடித்தது. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் மூச்சே இல்லை. கடைசியில் ஒரு பெண், "மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம்" என்றார். உன் இயக்குநர் ஜேனட். என் ஹலோவைக் கேட்டுவிட்டுத்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்ற தகப்பனுக்கே எங்கள் குரல் பிடிபட்டதில்லையே. வேலையிலிருந்து மத்தியானம் அப்பா போன் எடுத்தால் முதல் கேள்வி, "பெரியவளோ, சின்னவளோ?" நீ போன பிறகு அவர் வேலையிலிருந்து போன் எடுப்பதை அடியோடு விட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஜேனட் விஷயத்தைச் சொன்னார். முன்பு நீ கத்திய கத்தல்கள் நிறைய இருக்கின்றனவாம். ஆனால் இந்த இடத்துக்கு ஒன்றும் பொருந்தவில்லை. பிக்கிள் ஏரிக்கரை மேட்டிலிருந்து விழ வேண்டும். கத்திக்கொண்டே விழுகிறவள் பாதி வழியில் தான் பறப்பதை உணர்ந்து, அந்தக் கத்தலே சிரிப்பாக மாற வேண்டும். ஒரே மூச்சு, ஒரே சத்தம். அது இல்லாவிட்டால் வேறொரு நடிகையை வைத்து அந்தக் கதையில் பிக்கிளை முழுவதுமாகத் திரும்பப் பதியத் தயாரிப்பாளர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நீ அந்தக் கதிரையில் இருந்து பேசிய ஒவ்வொரு சொல்லும் போய்விடும்.

"உங்கள் குரல்..." என்று ஜேனட் தொடங்கினார். நான் "வாறன்" என்றேன். தமிழில்! பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். நூலகத்தில் "சத்தம் போடாதீர்கள்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் கத்தப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கிங் தெரு ஸ்ட்ரீட்காரில் இருந்து இறங்கி உன் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனேன். உள்ளே போனதும் பனிக்கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், சரசரக்கிறதாம். வளையலைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு பச்சை அப்பிள் தந்தார்கள். வாய்க்குள் உமிழ்நீர்ச் சத்தம் வராமல் இருக்க நீ தின்கிற அதே புளிப்பு அப்பிள். கண்ணாடிக்கு அப்பால் ஜேனட். என் முன்னால் பிக்கிள் விழுகிற பென்சில் படங்கள். உங்களுக்கு முதலில் குரல், அதற்குப் பிறகுதான் படம் அசையும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. என் சத்தத்துக்கு ஏற்றபடிதான் பிக்கிள் வாய் திறக்கப் போகிறாள்!

கத்தினேன். ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "வாத்து நூலகத்துக்குள் விழுகிற மாதிரி இருக்கிறது" என்றார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, அக்கா!

திரும்பவும் கத்தினேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தது. அதற்குப் பிறகு உன்னைப் போலக் கத்தப் பார்த்தேன். உன்னைப் போல யாரோ பகிடி பண்ணுகிற மாதிரி வந்தது. ஜேனட் தண்ணீர் தந்தார். அவர் முகத்தைப் பார்த்தே விளங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார், உன் சொற்கள் எல்லாம் அழிந்துவிடும்.

உன்னைப் போலக் கத்துவதை விட்டேன். கண்ணை மூடினேன். செத்தவீட்டில் நான் அழவில்லை என்று ஆட்கள் கதைத்தது உனக்குத் தெரியாது. நான்தானே எல்லோருக்கும் போன் எடுத்தேன், எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு எங்கே நேரம்? அந்தச் சின்ன அறைக்குள், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவில், அது வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. இப்படி ஒரு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மூச்சு முடியப்போகிற நேரத்தில், வேறெங்கிருந்தோ இல்லை, என் காதுக்குள்ளேயே நீ பவ்வியமாகச் சொன்னாய்: "ஓம் அன்ரி, செத்தவள்தான் கதைக்கிறன்."

சிரித்துவிட்டேன். கத்தல் முடியாமலே சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை.

கண்ணைத் திறந்தால் ஜேனட் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒலிப்பதிவாளர் எழுந்தே நிற்கிறார். "பதிந்துவிட்டதா?" என்று கேட்டேன். "பதியாமல் விடுவேனா, பதிந்துவிட்டது" என்று கத்தினார் அவர். பெயர் போட வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அங்கே ஒரு பெயர் இருக்கிறது, அதுவே நீளம் என்றேன்.

இனி சனிக்கிழமை. நான் "கொஞ்சம் சத்தம் குடுத்தனான்" என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். திவசத்துக்கென்று முன்கூட்டியே வந்திருந்த அன்ரி நடுச் சோபாவில். அம்மா பதற்றத்தில் வெற்று நாடா என்று நினைத்து, பக்கத்துவீட்டு மாலினி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவை டெக்கில் போட்டு, அதன் மேலேயே பிக்கிளைப் பதிந்துவிட்டார். இனி அந்தப் பிள்ளை ஆரத்திக்கு வந்து நிற்கிற இடத்தில் ஒரு வாத்து பஸ்ஸுக்கு ஓடிவரும். மாலினியின் தாயிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமும் திருப்பவில்லை. பிக்கிள் மேட்டின் விளிம்புக்கு வந்தாள். கீழே பார்த்தாள். கால் வழுக்கியது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டை நிறைத்தபோது பேப்பர் கீழே வந்தது. அது சிரிப்பாக மாறி, அவள் ஏரிக்கு மேலே எழும்பிப் போனபோது அன்ரி கைதட்டினார். அம்மா அழுதார். பெயர்கள் ஓடின. கணபதிப்பிள்ளை, கரைக்குக் கரை.

"எடியே, இதிலை எது வதனி, எது நீ? எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை" என்றார் அன்ரி.

நான் வாய் திறக்கமுன் அப்பா சொன்னார்: "கதைச்சதிலை எது ஆர் எண்டு எனக்கும் தெரியேல்லை. ஆனா உந்தக் கத்தல் இருக்கெல்லே, அது பெரியவள். சின்னவளுக்கு உப்பிடிக் கத்த வராது."

நான் எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டேன். குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு, லிஃப்ட்டில் நீ நின்ற மாதிரியே நின்றேன்.

அப்பா, நினைவு மலரை ஓர் எழுத்தும் விடாமல் முதலில் வாசிக்கப்போவது நீங்கள்தான் என்று தெரியும். அந்தக் கதையில் வந்த சொல் ஒவ்வொன்றும் பெரியவள். கத்தல் மட்டும்தான் நான்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது, அக்கா. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் தொழிற்சாலை இரைச்சல். பிறகு, "சின்னவளோ?"

"ஓம் அப்பா."

"சும்மாதான் எடுத்தனான்." இரைச்சல். "உந்த ஊறுகாய் வாத்துத் திரும்பப் போடுவாங்களோ?"

"போடுவாங்கள் அப்பா. திரும்பத் திரும்பப் போடுவாங்கள்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். நேற்றும் எடுத்தார். இன்றும் எடுத்தார்.

ஜேனட்டும் எடுத்தார். புதுத் தொடர் ஒன்றில் ஓர் ஆமை இருக்கிறதாம், மெதுவாகப் பேசுமாம், குரல் சோதனைக்கு வரச் சொல்கிறார். பச்சை அப்பிள் வாங்கி வைத்துவிட்டேன். கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் உனக்கு ஒரு வாக்கு: உன்னைப் போலப் பேச மாட்டேன், பெயரையும் சுருக்க மாட்டேன். ஆமைக்குப் பக்கத்தில் கணபதிப்பிள்ளை முழுதாக ஓடுவார்.

இப்படிக்கு,
போனில் நீயென்று நினைத்து இன்னும் ஆட்கள் திடுக்கிடும்
உன் தங்கை, சின்னவள் சுகி