பவியின் இடது கண்

ஜூன் 24
காலையிலிருந்து மழை. சந்து முழுக்கத் தண்ணீர். மாட்டுங்காவில் கடைக்கு அரை மணி லேட். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பவி பள்ளியில் கண் பரிசோதனை. வலது கண்ணை மூடினால் டாக்டர் காட்டிய விரல்களைக்கூட எண்ண முடியவில்லையாம். செல்வி அழுதுகொண்டே போன் செய்தாள். ஆறு வயதுப் பிள்ளை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்ல, நான் ஒருநாளும் டாக்டரிடம் காட்டவில்லை. தாராவியில் நம்ம ஆட்கள் கடை திறந்தால் விளக்கேற்ற என் மகள்தான். எனக்கும் அதில் ஒரு கெத்து. மடையன்.

ஜூன் 27
எனக்கு லீவு இல்லை. செல்விதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவள் சொன்னவை:
– கண்ணாடி, எந்நேரமும்.
– வலது கண்ணை மறைக்க ஒட்டு, தினம் நாலு மணி நேரம். அப்போது பாசிமணி கோர்க்க, படம் வரைய.
– ஒரு மாதத்தில் செக்கப். தள்ளிப்போட்டால் அந்தக் கண் பிறகு தேறுவது கஷ்டம்.
செல்விக்குக் காலை ஆறரைக்கே செம்பூரில் ஹாஸ்டல் சமையல். பவிக்கு மதியம்தான் ஸ்கூல், எனக்குக் கடை பதினொரு மணிக்கு. ஆக, ஒட்டுவது என் பொறுப்பு.

ஜூலை 1
ஒட்டினேன். சுவரில் இடித்துக்கொண்டாள். ஒரே அழுகை. "எடுத்துருங்கப்பா. ஒங்களயே தெரியல."

நல்ல கண்ணை எதற்கு மூட வேண்டும்? கோணல் கண்ணுக்குத்தானே வைத்தியம்? டாக்டர் சின்னப் பெண்ணாம், மாற்றிச் சொல்லியிருப்பாள். ஒட்டை இடது கண்ணுக்கு மாற்றினேன். உடனே சிரிப்பு, ஓட்டம். கோணலும் வெளியே தெரியவில்லை. செல்வியிடம் சொல்லவில்லை.

ஜூலை 9
எதிர் வீட்டு ராஜு ஆவணியில் மொபைல் கடை திறக்கிறான். "அண்ணாச்சி, அதுவரைக்கும் பவி கண்ண சரி பண்ணிராதீய. ராசி போயிரும்." விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்டான். நான் பல்லைக் காட்டினேன். செல்வி விடவில்லை. "ஒங்கடைக்கு வேற ஆளப் பாரு. எம்புள்ள கண்ணு என்ன ஒனக்குக் கல்லாப்பெட்டியா?"

துவரம்பருப்பு, சோப்பு வாங்க.

ஜூலை 28
செக்கப். நானும் போனேன். துளி முன்னேற்றம் இல்லை. டாக்டர் பவியிடம், "பட்டி கிதர் லகாத்தே ஹோ, பேட்டா?" ஒட்டு எங்கே போடுவாய் என்று கேட்டார். பிள்ளை இடது கண்ணைத் தொட்டுக் காட்டியது. "அப்பாதான் மாத்தி ஒட்டுவாங்க."

பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

டாக்டர் திட்டவில்லை. இந்தியில் நிதானமாகச் சொன்னார். நல்ல கண்ணே எல்லா வேலையும் பார்ப்பதால் மற்றது பார்க்கவே பழகவில்லை. நல்லதை மூடினால்தான் அது வேலைக்கு வரும். டைம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இனி ஒரு நாளும் வீணாக்காதீர்கள் என்றார்.

பஸ்ஸில் செல்வி, "ஏன் மாத்துனீய?"
"அழுதா."
பவியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டாள். பிறகு, "நாளைக்கும் நீங்கதான் ஒட்டணும். அழுதா அழட்டும்."

ஜூலை 29
வலது கண். அழுதாள். நானும். ஒரு மணி நேரத்தில் ஆறு பாசிமணி கோர்த்தாள், எல்லாம் பெரிய மணி.

ஆகஸ்ட் 20
ராஜு கடைத் திறப்பு. வேறொரு பிள்ளை விளக்கேற்றியது. பவி கண்ணாடி, ஒட்டோடு நின்று மூன்று லட்டு தின்றாள். எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 30
வெயில். துணி காய்ந்தது. வலது கண்ணில் ஒட்டு போட்டுப் பவியை மடியில் வைத்திருந்தேன். என் முகத்துக்கு நேரே வந்தாள்.
"அப்பா, ஒங்க மீசயில வெள்ள முடி."
எங்கே என்றேன். விரலை வைத்தாள்.
"ஒண்ணு இல்ல. மூணு."
எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். மூன்றுதான். செல்விக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை, சமையலில் இருப்பாள். மறுபடி போட்டேன்.