வெறுங்கஞ்சியும் மலேரியா மாத்திரையும்

செவ்வாய், ஆவணி 12.

ஒடிசாவுக்கு லாரி ஓட்டிப் போய் மலேரியாவோடு திரும்பிய கொட்டாம்பட்டிக்காரருக்கு மறுபடியும் காய்ச்சல். ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லை என்று அவர் மனைவி சத்தியம் செய்தாள்.

அந்த மாத்திரையில் செடியிலிருந்து எடுத்த மருந்து கிருமியை மளமளவென்று கொல்லும். மிச்சத்தைத் தீர்ப்பது கூடவே இருக்கும் துணைமருந்து. சாப்பாட்டில் கொழுப்பு இல்லையென்றால் அது உடம்பில் சரியாக ஏறாது.

"சாப்பிட என்ன கொடுத்தீங்க?"

"காய்ச்சக்காரருக்கு எண்ணெ, பாலு ஆகுமா சிஸ்டர்? வெறுங்கஞ்சிதேன்."

வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பாலோடு கொடுத்திருக்க வேண்டாமா?

"சாப்புட்டுட்டுப் போடச் சொன்னீங்க, அம்புட்டுதேன். கஞ்சி சாப்பாடு இல்லையா?"

டூட்டி முடிந்து வீட்டுக்கு, விளாங்குடி வரும்வரை பஸ்ஸில் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை.