நைனா என்றால் தூக்கமா

தை 6, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை ஏரியே தெரியவில்லை. தைக்க இரண்டு ரவிக்கை பாக்கி. தொடவில்லை.

தங்கை சுமதியைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. எட்டாம் மாதம், பிரஷர். பிரசவம் வரை அங்கேயே. அவள் வீட்டுக்காரருக்கு இத்தாலியில் லீவு கிடைக்கவில்லை. அவள் மகன், மூன்று வயதுக் கவின், எங்களிடம். இத்தாலியில் அவர்கள் இருவரும் வேலைக்குப் போக, பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி ரோசாதான் பிள்ளையை வளர்த்தாள். அதனால் பேச்செல்லாம் இத்தாலி பாஷை. தமிழ் கொஞ்சம்தான் புரிகிறது.

நாள் முழுக்க நாலு வாய் சோறு. ஓயாத அழுகை.

தை 7, செவ்வாய்

வெயில். என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினார். "நைனா, வா நைனா." எங்கள் பக்கம் ஆண்பிள்ளையைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

கவின் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில். "நோ நன்னா! நோ நன்னா!"

மூன்று தரம் கூப்பிட்டார். மூன்று தரமும் அதேதான்.

"எம்மேல கவிச்சி அடிக்குது போல" என்று சோப்பு போட்டு மறுபடி குளித்தார். பதினாலு வருஷமாக இந்த வீட்டில் அவர் நைனா என்று கூப்பிட ஒரு பிள்ளை இருந்ததில்லை. சாப்பிடாமல் வலை பார்க்கப் போய்விட்டார்.

தை 8, புதன்

சுமதிக்குப் போன். சொன்னேன். சிரித்தாள். இடுப்பு வலிக்கிறதென்று நிறுத்தினாள்.

"அக்கா, அங்க நன்னான்னா தூக்கம். கொழந்தைங்கள தூங்கச் சொல்ற வார்த்தை. நைனான்றது அவன் காதுல நன்னான்னு வுழுது. மாமா தூங்கச் சொல்றாருனு பயந்துக்கினு இருக்கான்."

"வேற இன்னா சொல்லிதான் கூப்பிடுவாங்க?"

அவள் சொல்லச் சொல்ல ஒரு சீட்டில் எழுதிக்கொண்டது:

தெசோரோ – புதையல்
தோபொலீனோ – சுண்டெலி
பததீனோ – குட்டி உருளைக்கிழங்கு
பெல்லோ எ மம்மா – அம்மாவோட அழகு. ரோசா இதைத்தான் அதிகம் சொல்வாளாம்.

எலியாம், கிழங்காம். நாமும்தான் பட்டு, கட்டி, குட்டி என்கிறோம்.

இவரிடம் சொன்னேன். "அப்போ எம்மேல கோவம் இல்லியா?" இரண்டு தரம் கேட்டார். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தை 9, வியாழன்

வாடைக்காற்று. படகுத்துறையில் இவர் தனக்குத்தானே, "தோபொலீனோ, தோபொலீனோ."

பக்கத்து வீட்டு மேரி: "இன்னாண்ணே, புது மீனா?"

"இல்லம்மா, எலி."

மதியம் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு மெல்ல, "தோப்பொலீனோ" என்றார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தலை. அப்புறம் ஒரு கை. வந்து எதிரில் நின்று, அழுத்தாமல் "தோபொ, தோபொ" என்று திருத்திக் காட்டினான். இவரும் திருப்பிச் சொன்னார். அப்படியே மடியில் ஏறிவிட்டான்.

நண்டுச்சாறு விட்டுப் பிசைந்த சோறு, ஒரு தட்டு முழுக்க. நான் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

தை 11, சனி

விடியற்காலை போன். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் மூச்சு நன்றாக இருக்கிறதாம். சுமதியும் நலம். முதல் பஸ்ஸில் மூவரும் பொன்னேரி. கவின் அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பாப்பா எங்கே என்று கையால் கேட்டான்.

"அவரு சித்திரையிலதான் வர்றாரு. அதுவரைக்கும் நானும் புள்ளைங்களும் உங்க வூட்லயே இருக்கட்டுமாக்கா?" என்றாள் சுமதி. நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இதெல்லாம் ஒரு கேள்வியா?"

தை 12, ஞாயிறு

இவர் வேலைக்குப் போகவில்லை. உத்தரத்தில் பாப்பாவுக்கு என் பழைய சேலையால் தூளி கட்டி, அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பார்க்கிறார். "தாங்கும், தாங்கும்" என்கிறார். மூட்டையை இறக்கச் சொல்லிக் கவின் அடம். இறக்கியாயிற்று. இப்போது தூளியில் அவன்தான்.