மணமகள் அறை

என் செல்ல மகளுக்கு,

மருந்துக்கடைக்காரரைப் பற்றிச் சொன்னதும் நீ பாதிப் பேச்சில் போனை வைத்த நாளிலிருந்து என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைக்கிறேன். உன் அப்பாவின் படத்தை ஹாலில் வைப்பதா, என் அறையில் வைப்பதா என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரரோ பொறுமைசாலி. "நம்ம கல்யாணத்துக்கு இன்னும் சில மாசம் இருக்கே. அவ மனசு ஆறட்டும்" என்கிறார். அவரிடம் தலையாட்டிவிட்டு, மறுநாளே தனியாக மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.

முதலில் பார்த்த இரண்டு மண்டபங்களிலும், "பொண்ணு வரலியாம்மா?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி நழுவிவிட்டேன். இன்று போன இடத்திலும் மேனேஜர் அதையேதான் கேட்டார்.

"நான்தாங்க பொண்ணு."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மணமகள் அறை மாடியில இருக்கு. முட்டி ஒத்துழைக்குமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தே நாளாயிற்று.

மேலே ஒரு நிலைக்கண்ணாடியும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன்.

"இன்னொன்னை எடுத்துடச் சொல்லட்டுமா? கூட யாராச்சும் இருப்பாங்களா?" என்று உடன் ஏறி வந்த மேனேஜர் கேட்டார்.

"என் மக இருப்பா" என்று வாய் முந்திக்கொண்டது.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் கூப்பிட்டுத் திட்டு. திட்டுவதற்காவது கூப்பிடு.

உன் அம்மா