புதைத்த தங்கம் பற்றி றாபியா கேட்டது

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பேர்னில் குளிர் இறங்கிவிட்டது என்றாய், பேத்தியின் இருமல் குறைய துஆச் செய்கிறேன். உம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்குக் கோபம் மட்டும்தான்.

நீ அனுப்பிய அமெரிக்கக் கொள்ளையர் நாவலை வாசகர் வட்டத்துக்குக் கொடுத்தேன், எல்லோரும் படித்துவிட்டுச் சனிக்கிழமை நூலகத்தில் கூடினோம். அப்துல் ஸமட் மாஸ்டருக்குக் கொள்ளைக்கூட்டத் தலைவன்மேல் அப்படியொரு பிரியம், பறிபோன நிலத்துக்காகத்தானே துவக்குத் தூக்கினான், அவன் வீரன் என்றார். பாண்டிருப்புக் கோகுலன், குதிரையப் பத்தி எழுதினது நல்லம், ஆனா அந்தப் பாலைவனத்தத் தாண்டுறதுக்குள்ள எனக்கே தண்ணி விடாய்ச்சிட்டு என்று எல்லோரையும் சிரிக்கவைத்தான். கடைசியில் கதையில் வரும் சலவைக்காரி, கொள்ளையர் புதைத்த தங்கத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனது சரி என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒன்று. நான் எழும்பி, அது சுரங்கத்தில் மாரடித்தவர்களின் சம்பளத் தங்கமல்லவா, அவர்களைப் புத்தகம் முழுக்க ஒருவரும் தேடவில்லையே என்றேன். கதைதானே காக்கா, அவளப் பள்ளி கேட்டடியில நிண்டு அறிவிக்கச் சொல்லுறீங்களா என்றார் மாஸ்டர்.

அவர் எதைக் குத்தினார் என்று உனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கடற்கரை மணலில் நான் கண்டெடுத்த நகையை. ஒரு வருடம், ஜும்ஆ முடிய பள்ளிவாசல் கேட்டடியில் நின்று அறிவித்தேன், பாண்டிருப்புக் கோயிலடியிலும் சொல்லுவித்தேன். அடையாளத்தை உரியவர்தான் சொல்ல வேண்டும், அதனால் அதை இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். ஒருவரும் வரவில்லை. இனி பாவிக்கலாம், ஏழைகளுக்கு ஸதகாவாகவும் கொடுக்கலாம் என்று மௌலவி சொன்னதையும் கேளாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். உன் கலியாணத்துக்கு உம்மா அழுது கேட்டும் கொடுக்கவில்லை. இப்போது நீ பேத்திக்குக் கேட்கிறாய், கதையிலயும் கண்டெடுத்தவளுக்குத்தானே வாப்பா சேருது என்கிறாய். புத்தகம் ஏன் வந்தது என்று எனக்கு விளங்காமலில்லை.

அன்று மாஸ்டருக்கு நல்ல பதில் கொடுத்துவிட்டு நூலகத்தைவிட்டு வெளியேறினேன். செருப்புப் போடும்போது றாபியா பின்னால் வந்தாள். சுனாமியில் உம்மாவையும் ராத்தாவையும் பறிகொடுத்த பிள்ளை, கூட்டத்தில் வாய் திறக்காதவள். நீங்க கதைச்சது சரி மாமா, ஆனா ஆருக்கும் உதவாமப் பூட்டி வெச்சா அதுவும் புதைக்கிறதுதானே என்று மெதுவாகக் கேட்டாள். நான் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து மனதுக்குள் அவளோடு வாதாடுகிறேன், வெல்ல முடியவில்லை.

இன்று ஜும்ஆவுக்குப் பின் திரும்பவும் அறிவித்தேன். கோகுலன் தன் ஊர்க் கோயிலில் சொல்வான். நோன்புத் தலைப்பிறை வரை பார்ப்பேன், வராவிட்டால் உரியவர் பேரில் ஸதகாவாகக் கொடுத்துவிடுவேன். அந்தப் பேர் எனக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். உனக்கில்லை மகள், கோபித்தாலும் இல்லை. மாஸ்டர் சொன்னது பிழை என்பதிலும் மாற்றமில்லை.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை இறக்கட்டும். பேத்தியைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. வளர்ந்தபின் அந்தக் கதையை அவளுக்குச் சொன்னால், சம்பளம் வருமென்று வழிபார்த்திருந்த சுரங்கக்காரர்களையும் சேர்த்துச் சொல்லு.

உன் வாப்பா,
ஆதம்பாவா